கணக்குப் பார்த்துச் சாப்பிட்டவர்: ஜே. சி. குமரப்பா



ஒவ்வொரு காலாண்டும் ஒரு பெரியவரின் வாழ்க்கையை இந்தப் பக்கத்தில் பார்த்து வருகிறோம். இம்முறை யாரைப் பற்றி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். உங்களுக்கும் தெரிந்த காட்சிதான். ஒரு பக்கம் கடலூர் சாலை, இன்னொரு பக்கம் பாகூர் வரைக்கும் போகும் நெல்வயல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்கிறோம். அந்தக் களஞ்சியத்தின் ஓரத்தில்தான், ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில்தான், நம் கட்டிடமும் நிற்கிறது. அன்று காலை எங்கள் வீட்டில் என்ன சமைத்தோம்? வெளியூர் ஆலையில் தீட்டி, பளபளவென்று பையில் அடைத்து வந்த அரிசி. கண்ணெதிரே விளையும் நெல், லாரியில் ஏறி எங்கேயோ போய், தவிட்டை இழந்து, பெயர் ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. இடையில் எவ்வளவு போனது, யாருக்குப் போனது என்று நாம் கேட்பதில்லை.

அதைக் கேட்ட மனிதர் ஒருவர் உண்டு. அவர் தொழிலே கணக்குத் தணிக்கை. நம் தமிழ்நாட்டுக்காரர்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னிலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் அதிகாரி. வசதியான, ஆங்கிலப் பழக்கவழக்கங்கள் ஊறிய வீடு. சென்னையில் பள்ளிப்படிப்பு, பிறகு லண்டனில் கணக்கியல் படிப்பு, திரும்பி வந்து பம்பாயில் ஆடிட்டர் தொழில். நல்ல வருமானம், தைத்து மடிப்புக் கலையாத கோட்டு சூட்டு. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு மறுபடியும் படிக்கத் தோன்றி அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. அங்கே ஆய்வுக்காக ஆங்கில அரசின் வரவுசெலவைப் புரட்டினார். புரட்டப் புரட்ட, இந்தியா ஏழையாக இருப்பதற்கும் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரிந்துவிட்டது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம் இல்லையா?

1929-ல் ஊர் திரும்பினார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை எடுத்துக்கொண்டார். ஆய்வுக் கட்டுரையைக் காந்தியிடம் காட்டலாம் என்று யாரோ சொல்ல, அந்த ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். சந்திப்பு பிற்பகல் இரண்டரை மணிக்கு. கொஞ்சம் முன்னதாகவே போனவர், மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்பதைப் பார்த்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி நின்றார். சில நிமிடம் கழித்து அந்தக் கிழவரே நீங்கள்தான் குமரப்பாவா என்று கேட்க, யார் முன்னால் நிற்கிறோம் என்பது அப்போதுதான் இவருக்கு உறைத்தது. சட்டென்று தன் உயர்ந்த கால்சட்டையோடு அந்தச் சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒருவர் நாற்காலி கொண்டுவந்தபோதும் அதில் ஏறவில்லை. அதன் பிறகு அவர் வாழ்க்கை முழுவதுமே தரையோடுதான்.

காந்தி அந்தக் கட்டுரையை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் மக்களின் வரவுசெலவை எழுதிவரும் வேலையையும் கொடுத்தார். பம்பாய்க் கம்பெனிகளின் பேரேட்டைப் பார்த்த கண், ஒரு குடியானவன் வீட்டு அடுப்பங்கரைக் கணக்கைப் பார்த்தது அங்கேதான். இடையில் சிறை. 1934-ல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்கு இவர்தான் கணக்குக் காவலர். தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு இவர் வகுத்த கண்டிப்பான வரம்பு காந்தியின் குழுவுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டாராம். ஆடிட்டர் என்றால் அப்படி!

அதே 1934 பிப்ரவரியில் காந்தி நம் புதுச்சேரிக்கும் வந்து போனார். அப்போது பாகூரும் கிருமாம்பாக்கமும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. தலைமையிடம் வார்தாவில் மகன்வாடி. செயலாளர் குமரப்பா. தம்பி பாரதன் குமரப்பாவும் உடன் இருந்தார்.

இனிதான் நம் அடுப்பங்கரைக்கு வருகிறோம்.

அந்தச் சங்கம் முதலில் கையில் எடுத்தவை நான்கு: அரிசி, மாவு, வெல்லம், எண்ணெய். நம் வீட்டில் மளிகைப் பட்டியல் எழுதும்போதும் முதல் நான்கு வரி இவைதானே. அப்போது ஊருக்கு ஊர் நெல் அரவை ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் சர்க்கரை ஆலைகள் பெருகின. கொஞ்ச காலத்தில் வனஸ்பதியும் டப்பாவில் வந்து சேர்ந்தது. உரலும் செக்கும் ஓய்ந்துகொண்டிருந்தன. இதனால் கிராமத்தில் வேலை போகிறது என்று பலரும் சொன்னார்கள். குமரப்பா இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டார்: ஆலைக்குள் போகும் தானியத்துக்கும் வெளியே வரும் தானியத்துக்கும் கணக்கு ஏன் ஒட்டவில்லை?

நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உமி, அது நமக்கு ஆகாது. அதற்கடியில் மெல்லிய தவிட்டுத் தோல், ஓரத்தில் சின்ன முளை. சத்துகளில் பெரும்பகுதியும் எண்ணெயும் இந்த இரண்டில்தான். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் மாவுச்சத்து. உரலில் குத்தினால் உமி போகும், தவிடு ஓரளவு தங்கும். ஆலையில் தீட்டினால் முளையும் போகும், தவிடும் போகும். ஏன் தீட்டுகிறார்கள்? வெள்ளையாக இருந்தால் நமக்குப் பிடிக்கிறது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, தவிட்டில் உள்ள எண்ணெய் சில வாரங்களில் காறிப்போய் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். வெகுதூரம் அனுப்பவும், மாதக்கணக்கில் கிடங்கில் வைக்கவும் தீட்டிய அரிசிதான் தோது. கோதுமையிலும் இதே கதை. முளையையும் தவிட்டையும் நீக்கினால் மைதா. அது கெடாது. கெடாமல் இருப்பது வியாபாரிக்கு லாபம். புழுவுக்குப் பிடிக்காத மாவு நமக்கு மட்டும் எப்படி ஆகும் என்று என் பாட்டி கேட்பார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு நல்ல பதில் இல்லை.

இது வெறும் பழமைப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்பே விஞ்ஞானம் பேசிவிட்டது. 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளின் கால்கள் முடங்குவதையும், தீட்டாத அரிசி போட்டால் தேறுவதையும் பார்த்தார். பெரிபெரி என்ற நோயின் முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு. தவிட்டோடு போனது தயமின் என்ற வைட்டமின். நம் நீலகிரிக் குன்னூரில் மெக்காரிசன் என்ற மருத்துவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னைப் பக்கத்து வெள்ளைச் சோற்றைத் தின்றவைதான் கடைசி. நமக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் எலிக்குப் பொய் சொல்லத் தெரியாது. காந்தியின் ஹரிஜன் இதழ் இப்படிப்பட்ட மருத்துவர்களின் கருத்துகளை எடுத்துப் போட்டது.

இங்கே நம் பக்கத்துக்கு ஒரு நல்ல செய்தி. மெக்காரிசனுக்குப் பின் குன்னூரில் பொறுப்பேற்ற ஐக்ராய்டு, ஆந்திரக் கடற்கரையில் ஆலைப் பச்சரிசி சாப்பிட்ட இடங்களில் பெரிபெரி இருந்ததையும், புழுங்கல் சாப்பிட்ட இடங்களில் அது அரிதாக இருந்ததையும் கவனித்தார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதாவது நம் வீட்டுப் புழுங்கலரிசிச் சோறு, தீட்டியதாகவே இருந்தாலும், பச்சரிசிச் சோற்றைவிட ஒரு படி மேல்.

மகன்வாடியில் குமரப்பா இதையெல்லாம் எழுதியதோடு நிற்கவில்லை. உமியை மட்டும் நீக்கும் திரிகைகள், மாட்டுச் செக்கு, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று சோதனை மேல் சோதனை. காந்தி அங்கே தங்கியபோது சோயா மொச்சையும் பச்சை இலைகளும் தட்டில் ஏறின. ருசி பற்றிப் புகார் இல்லாமலா இருந்திருக்கும்? பாவம், மேல்நாட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்கு அவருடையது. ஆனாலும் தனக்குத் தனிச் சமையல் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

வெல்லக் கணக்கைக் கேளுங்கள், நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். கரும்பு நல்ல நிலத்தையும் நிறைய நீரையும் கேட்கும். பனை வரப்பிலும் தரிசிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளரும். அப்படியானால் இனிப்பைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டு, கரும்பு நிலத்தைத் தானியத்துக்கும் காய்க்கும் விடலாமே என்றார் குமரப்பா. கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு மதுவிலக்கு வந்தால் என்ன வழி என்ற கேள்விக்கும் பதநீரும் கருப்பட்டியும் பதிலாயின. பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அவ்வளவுதான் வித்தியாசம். நம் புதுச்சேரியில் எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1942 இயக்கத்தில் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்தபோது, நிலைத்திருக்கும் பொருளாதாரம் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை எழுதினார். இயற்கையில் ஒட்டுண்ணியும் உண்டு, தேனீயும் உண்டு, குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையும் உண்டு, மனிதன் எதைப் போலச் சம்பாதிக்கப் போகிறான் என்பது அந்த நூலின் கேள்வி. அதில் ஒரு அட்டவணை இருக்கிறது, என்னை நிறுத்தி வைத்தது அதுதான். ஒரு லட்சம் பேர் உள்ள வட்டாரம், தன் சாப்பாட்டைத் தானே விளைவிக்க எவ்வளவு நிலம் எதற்கு ஒதுக்க வேண்டும் என்ற கணக்கு. தலைக்கு ஒரு நாளுக்குத் தானியம் 16 அவுன்ஸ், பருப்பு 2, வெல்லம் 2, பால் 12, காய்கறி 8, பழம் 4 என்று போகிறது, மொத்தம் 2860 கலோரி. இன்றைய அளவில் தானியம் சுமார் 450 கிராம், காய்கறி சுமார் 225, பழம் சுமார் 115.

இந்தக் கணக்கை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அவர் கண்முன் இருந்தவர்கள் வெயிலில் மண்வெட்டி பிடித்தவர்கள், அவர்களுடைய நோய் பற்றாக்குறை. நாம் மின்தூக்கியில் ஏறி இறங்குகிறவர்கள், நம்முடைய நோய் மிகுதி. 450 கிராம் அரிசியும் 55 கிராம் வெல்லமும் நமக்குத் தாங்காது. ஆனால் காய்கறி வரியைப் பாருங்கள். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் தினம் கிட்டத்தட்ட ஒரு கிலோ காய் வாங்குகிறோமா? எங்கள் வீட்டில் ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். பாதிகூடத் தேறவில்லை. அதே வாரத்தில் வாங்கிய பிஸ்கட், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், குளிர்பானம் இவற்றின் பில், காய்கறிக்காரருக்குக் கொடுத்ததைவிட அதிகம். வெட்கமாக இருந்தது. நீங்களும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய நீரிழிவு ஆய்வு வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் கோவாவில் 26.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அடுத்த இடம் யாருக்கு? நம் புதுச்சேரிக்கு, 26.3 சதவீதம். நால்வரில் ஒருவருக்கு மேல். மின்தூக்கியில் நான்கு பேர் ஏறினால் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் அதே கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டி, மிகையாகப் பதப்படுத்திய உணவைக் குறைக்கச் சொல்கிறது. அந்த நிறுவனத்தின் வேர் குன்னூர் எலிக்கூண்டுகளில்தான் இருக்கிறது. 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே.

குமரப்பா இருந்திருந்தால் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆடிட்டர் பின்பக்கம்தான் படிப்பார். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். சத்துமாவு என்று பெரிய எழுத்தில் போட்டு, பின்னால் முதல் மூன்று பெயரில் சர்க்கரை இருந்தால் அது யாருக்கான சத்து என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பல தானிய பிஸ்கட் என்பதில் முதல் பெயர் மைதாவாக இருக்கும். அந்தப் பட்டியலில் நம் அஞ்சறைப் பெட்டியில் இல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணுவதை என் பேரன் இப்போது விளையாட்டாகவே வைத்திருக்கிறான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. குமரப்பாவை நான் மதிக்கிறேன், ஆனால் உரலும் உலக்கையும் என்று பேசும்போது யார் தோளில் அது விழுந்தது என்பது நினைவில் இருக்கட்டும். எங்கள் அம்மா விடியற்காலையில் நெல் குத்தியவர். ரைஸ்மில் வந்த நாளை அவர் ஒரு பண்டிகை போலச் சொல்வார். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வராது. நல்லவேளையாக அந்த அவசியமும் இல்லை. இன்று கைக்குத்தல் என்று விற்கும் அரிசி பெரும்பாலும் ரப்பர் உருளை பொருத்திய சிறு இயந்திரத்தில் உமி மட்டும் நீக்கியதுதான். கை வலிக்காது, தவிடும் தங்கும். மகன்வாடியில் உமி நீக்கும் திரிகைகளை வைத்து அவர் தேடியதும் ஏறக்குறைய இதைத்தான்.

இன்னொன்று. இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்ட அவருக்கு ரத்த அழுத்தம் கடுமையாக இருந்தது, பல ஆண்டுகள் அவரைப் படுத்தியது. நல்ல சாப்பாடு எல்லா நோய்க்கும் கவசம் என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தியவர் ஒருவரை எனக்குத் தெரியும், அது நல்லபடியாக முடியவில்லை. கருப்பட்டியும் இனிப்புதான். சிவப்பரிசியும் சோறுதான், அளவு உண்டு. மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டே மாற்றுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அவருக்கு ஆட்சியாளர்களோடு ஒத்துப்போகவில்லை. அதற்கு முன்பே, நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்து, சில மாதத்தில் விலகியவர் அவர். நிலச் சீர்திருத்தத்துக்கான காங்கிரஸ் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949-ல் அறிக்கை கொடுத்தார், அது பெரும்பாலும் அலமாரியில் தங்கியது. பதவி தேடவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. 1950-களில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதனுக்கு வந்து ஒரு சிறு குடிசையில் தங்கினார். கொலம்பியாவில் படித்த நிதி நிபுணர், அந்தக் கரிசல் காட்டில், கதர் உடுத்தி, கிராமத்துப் பிள்ளைகளோடு. 1960 ஜனவரி 30 அன்று காலமானார். காந்தி மறைந்ததும் அதே தேதிதான்.

கடைசியாக ஒரு வேலை. முன்பு நம்மில் சிலர் சேர்ந்து தீட்டாத அரிசியை 25 கிலோ மூட்டையாக வாங்கினோம். இரண்டே மாதத்தில் பாதி மூட்டை வண்டு, மீதியில் சிக்கு வாடை. தவிட்டரிசியே வேண்டாம் என்று பலர் ஒதுங்கிவிட்டார்கள். தவறு அரிசியில் இல்லை, நாம் வாங்கிய விதத்தில். நெல்லாக இருந்தால் மாதக்கணக்கில் இருக்கும், உமி நீக்கிய பிறகுதான் அவசரம். பாகூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் நெல்லாகவே பேசி வைத்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தேவையானதை மட்டும் உமி நீக்கி, வீட்டுக்கு 5 கிலோ என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சமைக்கும் முன் எட்டு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும், குக்கரில் விசில் கூடுதலாகும், முதல் வாரம் குழந்தைகள் முகம் சுளிக்கும். வெள்ளை அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து தொடங்குங்கள். விருப்பமுள்ளவர்கள் காவலர் அறையில் உள்ள நோட்டில் வீட்டு எண்ணையும் தேவையான கிலோவையும் எழுதிவிடுங்கள். பத்து வீடு சேர்ந்தால் சம்பா அறுவடைக்கு முன்பே போய்ப் பேசிவிடலாம். கணக்கை நான் எழுதுகிறேன், தணிக்கை செய்ய உங்களில் ஒருவர் வர வேண்டும்.